ஸ்கூனரா கெட்ச்சா? ராயபுரம் வீட்டுக்கு எது தாங்கும்

முப்பது வருஷம் செகண்ட் லைன் பீச் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. கப்பலைக் காகிதத்தில்தான் தெரியும். ஓய்வு பெற்ற மறுமாதமே மரத்தில் ஒரு மாதிரிக் கப்பல் செய்ய உட்கார்ந்தேன். எந்தக் கப்பல் என்று முடிவெடுக்க மட்டும் மூன்று மாதம் ஆனது.

பாய்மரம் இரண்டு இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஒற்றை மரம் மொட்டையாகத் தெரிந்தது, மூன்று மரத்துக்கு எங்கள் கூடத்து அலமாரி போதாது. அதோடு இரட்டைப் பாய்மரம் நம் கரைக்குப் பழக்கமான உருவம்தான். 2ஆம் நூற்றாண்டில் சாதவாகனர் வெளியிட்ட ஈயக்காசில் இரண்டு பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கிறது. அந்த மாதிரிக் காசுகள் சோழமண்டலக் கரை நெடுகக் கிடைத்திருக்கின்றன.

இரண்டு மரம் என்றாலும் அதில் ஜாதி பல. முன்மரம் பெரிதாகவும் பின்மரம் சிறிதாகவும் இருந்து, பின்மரம் சுக்கான் தண்டுக்கு முன்னால் நின்றால் கெட்ச். அதே சின்ன மரம் சுக்கானையும் தாண்டி அமரத்தின், அதாவது பின்பக்கத்தின், நுனிக்குப் போய்விட்டால் யால். பின்மரம் முன்மரத்தைவிட உயரமாகவோ சமமாகவோ இருந்தால் ஸ்கூனர். மரத்தின் குறுக்கே பருமல் என்ற கட்டையைக் கட்டிச் சதுரப் பாய் விரிப்பவை தனிக் கூட்டம்.

யாலைச் சீக்கிரம் தள்ளிவிட்டேன். உலகைத் தனியாளாக முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம் (1895–98) தன் 'ஸ்ப்ரே' படகை வழியில் யாலாக மாற்றிக்கொண்டார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அலமாரியில் வைத்துப் பார்த்தால் அந்தப் பின்மரம் கொடிக்கம்பம் போலத்தான் இருக்கும்.

சதுரப் பாயை விடத்தான் மனசு கேட்கவில்லை. காரணம் அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய கப்பல். ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவி பெயரைச் சூட்டினார். 1938இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஓட்டிப்போனவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் உண்டு. நம் ஓடாவிகள் கட்டியது அட்லாண்டிக்கைத் தாண்டியது என்றால் யாருக்குத்தான் செய்து பார்க்க ஆசை வராது? ஆனால் முன்மரத்தில் சதுரப் பாய். ஒரு பருமலை நிறுத்த, திருப்ப, அதன் பாயை இழுக்க, சுருட்ட என்று இடமும் வலமுமாகக் குறைந்தது எட்டுக் கயிறு. மூன்று பருமல் என்று வைத்தாலே இருபத்து நான்கு. முதல் முயற்சிக்கு இது ஆகாது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தவை ஸ்கூனரும் கெட்ச்சும்.

ஸ்கூனரின் அழகைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் என் நண்பர் 'புளூநோஸ்' செய்திருக்கிறார். கனடாவில் 1921இல் நீரில் இறங்கிய, 143 அடி நீளக் கப்பல். அவர்கள் நாட்டுப் பத்து சென்ட் காசில் இன்றும் இருக்கிறது. 64இல் ஒரு பங்காகக் குறைத்தும் இரண்டேகால் அடி வருகிறது. பந்தயக் கப்பல் என்றுதான் பேர், ஆனால் மீன்பிடிக்கக் கட்டியது. கிராண்ட் பேங்க்ஸ் கடலுக்குப் போய், தளத்தில் கிண்ணம் போல அடுக்கி வைத்த சின்னப் படகுகளை இறக்கி, அதில் போனவர்கள் தூண்டில் வரிசை போட்டுக் காட் மீன் பிடிப்பார்கள். சதுரப் பாய்க் கப்பலைவிடக் குறைந்த ஆட்களே போதும், காற்றை எதிர்த்தும் நெருக்கிப் போகும். அதனால்தான் மீனவரும் கரையோர வியாபாரிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நண்பர் வீட்டில் ஒரு மார்கழி முழுக்கக் கூட உட்கார்ந்து கயிற்றேணி கட்டியவன் நான். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் குறுக்கே படிப்படியாக நூல் ஓட்டி, சேருமிடம் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. கண் பூத்துப்போனது. மேல் விளிம்பைத் தாங்க மேல்கட்டை வைத்த நாற்கரப் பாய் என்பதால் ஒவ்வொரு பாயையும் ஏற்ற இரண்டு கயிறு, உச்சிப் பாய்க்குத் தனிக் கயிறு.

கெட்ச்சில் நான் எடுத்துக்கொண்டது 'சுஹைலி'. பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று அதே ஊருக்குத் திரும்பினார். 312 நாள், தனியாள். அது ஒரு போட்டி; அதில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. பாதி வழியில் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்துபோனது. முன் பாயையும் பின் பாயையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி வைத்தே படகைத் திசை மாறாமல் போகவிட்டார். கெட்ச்சின் உபயோகமே இதுதான். ஒரே பெரிய பாயைப் புயலில் தனியாள் அடக்க முடியாது. அதை இரண்டு மரத்துக்கும் பிரித்துவிட்டால் முன்மரத்துப் பெரிய பாயை இறக்கிவிட்டு, அந்த மரத்துக்கு முன்னே ஒன்று, பின்மரத்தில் ஒன்று என்று சின்னப் பாய்களோடு சமாளிக்கலாம். வலை போட்டுக் காத்திருக்கும்போது பின்பாய் மட்டும் இருந்தால் படகின் மூக்கு காற்றைப் பார்த்தே நிற்கும்.

இதை எங்கள் தெருக்கோடிப் பெரியவரிடம் விளக்கப் போனேன். காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டியவர், இப்போது மகனின் ஃபைபர் படகுக்கு வலை தைக்கிறார்.

"பின்னாடி அந்தக் குட்டிப் பாய் இன்னாத்துக்கு சார்? அழகுக்கா?"

"காத்து மாறும்போது படகு சுத்தாம இருக்க, பெரியவரே."

"அப்ப தண்ணிக்குள்ள துடுப்பு செய்யறத அது காத்துல செய்யுதுன்னு சொல்லு."

எனக்கு அரைப்பக்கம் ஆனது, அவருக்கு ஒரு வரி.

இதெல்லாம் இருக்கட்டும். நான் கெட்ச் பக்கம் சாய்ந்ததற்கு உண்மைக் காரணம் கயிறு. வாங்கும் செலவைச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அதைப் பராமரிக்கும் பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியில் காலையில் விரலை வைத்தால் மாலைக்குள் கறுப்பு. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்தால் பசை மாதிரி ஆகிவிடும், ஊதினால் போகாது. மாதிரிக் கப்பலின் உடலைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். கயிற்றைத் துடைக்க முடியாது. ஈரம் தொட்ட சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே இரண்டு பக்கமும் வருட வேண்டும். என் கெட்ச்சில் மொத்தம் 38 கயிறு, எண்ணித்தான் சொல்கிறேன். முக்கோணப் பாய் என்பதால் மேல்கட்டை கிடையாது, கயிற்றேணியும் நான் வைக்கவில்லை. மாதம் ஒருமுறை இருபது நிமிஷம், வேலை முடிந்தது. நண்பரின் ஸ்கூனருக்கு அரைநாள், அதுவும் தூரிகை கயிற்றேணியில் சிக்கினால் இரண்டு முடிச்சு அவிழும். கண்ணாடிப் பெட்டி போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். அவர் போட்டார். ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் அடைபட்டுப் பாய்த் துணியில் பூஞ்சை பிடித்தது. காற்றுப்போக ஓட்டை வைத்த பிறகு தூசியும் அதே வழியாகவே வந்தது.

துடைப்பதாவது பரவாயில்லை, இழுவை அதைவிட மோசம். முதலில் பருத்தி நூல்தான் கட்டினேன், நிஜக் கயிறு போலவே இருக்கும். பருத்தி ஈரம் குடித்தால் பருக்கும், நீளம் குறையும். நவம்பரில் வாடை வீசியபோது அத்தனை கயிறும் விறைத்து, பின்மரத்தின் உச்சி ஒரு விரற்கடை பின்னால் வளைந்துவிட்டது. கத்திரி வெயிலில் அதே கயிறுகள் கொடியில் உலர்த்திய வேட்டி மாதிரி தொங்கின. காசிமேட்டு வலைக்கடையில் நைலான் நூல் வாங்கி மாற்றினேன், அது இழுக்க இழுக்க நீள்கிறது. கடைசியில் தையல் கடைப் பாலியஸ்டர் நூலில் தேன்மெழுகு பூசிக் கட்டினேன். இரண்டு மழைக்காலம் தாண்டியும் அசையவில்லை. மெழுகு தூசியைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது, அது என் தலையெழுத்து. 38 கயிறு இருந்ததால்தான் மூன்று முறை அவிழ்த்துக் கட்டப் பொறுமை இருந்தது. இருநூறுக்கு மேல் இருந்திருந்தால் கப்பல் பரணுக்குப் போயிருக்கும்.

விலை என்று பார்த்தால் ஸ்கூனர்தான். வந்தவர்கள் எல்லாம் நண்பரின் கப்பலுக்கு விலை கேட்டார்கள். என்னுடையதைப் பார்த்து "பேரன் செய்ததா?" என்று ஒருவர் கேட்டார். விற்கும் எண்ணம் இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஸ்கூனரை முழுசாக நான் கட்டியதுமில்லை, கூடமாட உதவியவன்தான். அடையாறு, அண்ணா நகர் போலக் கடற்காற்று நேரடியாகப் படாத வீடாக இருந்தால் இந்தக் கணக்கு மாறலாம். பாய் விரித்த நிஜப் படகில் நான் ஏறியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரம் இரண்டுக்கும் ஒன்றுதான். வால்டாக்ஸ் ரோட்டில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகள் எனக்குப் போதுமாக இருந்தன. சுஹைலியும் தேக்கு என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

வேப்பம்பலகை ஒன்று வாங்கிக் காயப் போட்டிருக்கிறேன். அன்னபூரணியைப் பாய்களைச் சுருட்டிக் கட்டிய நிலையில், துறைமுகத்தில் நிற்பது போலச் செய்தால் பாயை இழுக்கும் கயிறுகளில் சிலதைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை. அதற்கு முன்னால் நண்பரும் பாலியஸ்டருக்கு மாறுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள் முன்மரத்தின் இடப்பக்கம் மட்டும் முடிந்தது.