120 ஆம்பியர், முழு வாட்டர் கூலிங் என்று விற்கும் ஆர்சி படகுகள்: வாங்கும் முன் பாருங்கள்

ஆன்லைனில் ‘ரெடி டு ரன்’ என்று வரும், ரிமோட்டில் ஓடும் 4எஸ் (நான்கு செல் பேட்டரி) பிரஷ்லெஸ் மோட்டார் ஸ்பீடு போட் எதையாவது பார்த்து வைத்திருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியதன் விளம்பரத்தில் 120 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலர்), முழு வாட்டர் கூலிங் (ஏரித் தண்ணீரையே உள்ளே ஓடவிட்டுக் குளிர்விப்பது) என்று போட்டிருந்தார்கள். ஏரியில் விட்டதும் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் நன்றாகவே பீய்ச்சியது. அதைப் பார்க்கும் யாரும் கூலிங் வேலை செய்கிறது என்றுதான் நினைப்பார்கள். சில சுற்று முழு வேகத்தில் ஓடியதும் படகு விக்கி விக்கி நின்றது. மூடி இடுக்கில் புகை. கரைக்கு இழுத்துத் திறந்தால் ஈஎஸ்சி கருகிக் கிடக்கிறது, பக்கத்தில் இருந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தொட முடியாத சூடு. லைப்போ 60 டிகிரியைத் தாண்டுவதே ஆபத்து. படகைத் தூக்கிக்கொண்டு வந்தது என் அக்கா பையன். அது அவன் கையில் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

வீட்டில் ஈஎஸ்சியின் உறையைக் கிழித்துப் பார்த்தபோதுதான் ஏமாற்று புரிந்தது. தண்ணீர் ஓடும் அலுமினியத் தகடு, நடுவில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேட் வைத்து மாஸ்ஃபெட்டுகளின் (கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சிப்கள்) மேல் அழுந்தி உட்கார வேண்டும். சூடாவது அவைதான். இதிலோ தகட்டை ஹீட் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் உறைக்கு மேலே டபுள் சைடு டேப்பால் ஒட்டியிருந்தார்கள், அதுவும் மாஸ்ஃபெட் இல்லாத பக்கத்தில். தண்ணீர் வருகிறது, போகிறது, எந்த வெப்பத்தையும் எடுப்பதில்லை.

100 ஆம்பியர் ஓடும்போது ஈஎஸ்சியில் 2 மில்லிஓம் தடை இருந்தாலே 20 வாட் வெப்பம். கிட்டத்தட்ட ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னை மூடிய படகுக்குள் வைப்பது போல. கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. தண்ணீர் புகாமல் டேப் ஒட்டிய மூடிக்குள் காற்றோட்டமும் கிடையாது. சரியான வாட்டர் கூலிங் இல்லாத ஈஎஸ்சி அங்கே தாங்காது.

இன்னொன்று, 120 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ஈஎஸ்சியில் இருந்தது 14 கேஜ் வயர் (கேஜ் எண் கூடினால் வயர் மெலிது). 12 கேஜோ அதைவிடத் தடிமனோ இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பேட்டரி வயரையும் நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தார்கள். அப்படி நீட்டினால் வோல்டேஜ் அலைவு கூடி கெபாசிட்டர்கள் கொதிக்கும். கூடுதலாக லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) கெபாசிட்டர் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் “பெரிய புரொப்பெல்லர் போட்டிருப்பீங்க சார்” என்றார். கூட வந்த புரொப்பெல்லரைக் கழற்றவே இல்லை என்று போட்டோ அனுப்பினேன். “உள்ள தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது” என்று மாற்றினார். படகின் உட்புறம் உலர்ந்து கிடக்கும் வீடியோவை அனுப்பியதும் பதிலே நின்றுபோனது. தண்ணீரில் ஓட்டுவதற்கென்றே விற்ற பொருளுக்கு இந்தப் பதில்!

வாங்கும் முன் ஈஎஸ்சியின் உள்பக்கப் படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், தகடு மாஸ்ஃபெட் மேல் படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீரில் விடாதீர்கள். ட்யூப் எங்கும் மடங்கக் கூடாது; குளிர்ந்த நீர் முதலில் ஈஎஸ்சிக்கும் பிறகு மோட்டாருக்கும் போக வேண்டும். முதல் ஓட்டத்தை இரண்டே நிமிடத்தில் நிறுத்தி ஈஎஸ்சி, மோட்டார், பேட்டரி, கனெக்டர் எல்லாவற்றின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். ஏரிப் பாசி தண்ணீர் எடுக்கும் துளையை அடைத்துவிடும், அதையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கருகிய ஈஎஸ்சி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பழைய ஈஎஸ்சியைத் திருப்பி அனுப்பச் சொன்னால், எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்காமல் கொடுக்காதீர்கள்.