சிவப்பு ஆல்ட்டோவும் ஏழு வருட வேக்ஸும்

2008 மாடல் ஆல்ட்டோ, அப்பா வாங்கியது. 2018இல் என் கைக்கு வந்தபோது கூரையும் பானெட்டும் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டும் நிலையில் இருந்தன. மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது. பதினொரு மணி வரை வேப்பமர நிழல், அப்புறம் முழு வெயில்.

முதலில் ஒரு வாஷ் சென்டரில் மெஷின் பாலிஷ் போட்டேன். அன்றைக்குப் பளபளத்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பானெட் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தது. பக்கத்துப் பட்டறைப் பெயின்டர்தான் விளக்கினார்: "அண்ணே, துணியில சிவப்பு ஏறுச்சுன்னா மேல கிளியர் கோட்டுங்கிற நிறமில்லாத பூச்சு இல்லன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவ காம்பவுண்ட், அதான் அந்தத் தேய்க்கிற பேஸ்ட், போடறப்பவும் பெயின்டத்தான் சுரண்டுறீங்க." அதன்பின் ரப்பிங் காம்பவுண்டைத் தொடவில்லை. கையால் மென்மையான பாலிஷ் ஒருமுறை, பிறகு வேக்ஸ் மட்டும்.

வேக்ஸ் வெளுத்த நிறத்தைத் திருப்பித் தராது. பெயின்டுக்கு மேல் ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். நான் போடுவது கார்னுபா கலந்த பேஸ்ட். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், மதுரை வெயிலில் எனக்குக் கூரையில் இரண்டு மாதம்தான் நிற்கிறது. இன்ஜின் சூடும் சேர்வதால் பானெட்டில் அதற்கும் முன்பே போய்விடுகிறது. தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பாய்போல் பரவினால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கு, தகடு குளிர்ந்திருக்கும்போது போடுவேன். ஒரு கதவு முடித்து அடுத்த கதவு. வெளிறிக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுவினால் பொறுக்கணும். வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் படவிடாதீர்கள், வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இத்தனை வருடத்தில் வேக்ஸைவிட எனக்குப் பெரிய பிரச்சினை தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் அத்தனை உப்பு. கழுவிவிட்டு அப்படியே விட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காய்ந்துவிடும். அதனால் கடைசி இரண்டு வாளி நல்ல தண்ணீர், உடனே மைக்ரோஃபைபர் துணி. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு இன்னும் அதிகம், தயவுசெய்து ஊற்றாதீர்கள். காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கீறல் அதில்தான் வருகிறது. காக்கை எச்சத்தின் மேல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டால் தேய்க்காமலே வந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டார். அதற்கு முந்தின வாரமே வேக்ஸ் போட்டுவிடுவேன். மறுநாள் காலை ஈரத்துணிக்கே எல்லாம் வந்துவிடுகிறது. டிக்கிக் கதவில் மட்டும் அப்பா வைத்த பொட்டு ஒன்றின் வட்டம் இன்னும் மங்கலாக இருக்கிறது. அந்த இடத்தில் பாலிஷ்கூடப் போடுவதில்லை, வேக்ஸ் மட்டும்தான்.