விசா, டிக்கெட், வருமான வரி எல்லாம் ஒரே இடத்தில் என்று நம்பி 1,72,000 ரூபாயைப் பறிகொடுத்தோம்

பாளையங்கோட்டையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆலோசனை மையம் ஒன்று எங்கள் குடும்பத்திடம் 1,72,000 ரூபாயை வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. பெயரை வெளியில் சொன்னால் வழக்குப் போடுவோம் என்று நேற்று தொலைபேசியில் மிரட்டவும் செய்தார்கள். ஆகவே பெயர் வேண்டாம். மாடியில் ஏசி அறை, சுவரில் உலக வரைபடம், ‘விசா, டிக்கெட், வருமான வரி அனைத்தும் ஒரே இடத்தில்’ என்று ஒரு பலகை. நெல்லையிலும் தென்காசியிலும் இந்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன. முதன்முறை வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு விசாவிலும் வரியிலும் கவனிக்க வேண்டியதை விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. நடந்ததை முதலில் கொட்டிவிடுகிறேன்.

என் தம்பி பேட்டை அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். டவுனில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மாதம் 14,000 ரூபாய் சம்பளம். துபாயில் கட்டட நிறுவனத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை, தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு என்று அந்த மையத்தில் சொன்னார்கள். அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார். இருந்த நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துப் பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்தார்.

அந்த நிர்வாகியின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஊரைக் கேட்டார். “அட, எங்கள் அம்மாவுக்கும் முக்கூடல் பக்கம்தான்” என்றார். முழுப் பணத்தையும் மேசையில் வைத்தபோது பாதியை எங்கள் பக்கமே தள்ளினார். “இப்போது 80,000 போதும் அம்மா. மீதியை விசாவைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். பிள்ளையை அனுப்புகிறீர்கள், நாலும் யோசிப்பீர்கள் அல்லவா?” என்றார். எழுந்து வரும்போது அந்தக் கட்டிலிருந்தே 200 ரூபாயை உருவி, “பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று அம்மா கையில் திணித்தார். எங்கள் பணத்தில் எங்களுக்கே தர்மம்! அம்மா அன்று இரவு முழுக்க அவரைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். ரசீது கேட்டேன். “கடைசியில் மொத்தமாகத் தருவோம் தங்கச்சி” என்றார்.

விசா வந்தது. அடுத்த 80,000 போனது. அதோடு நிற்கவில்லை. “2024 பட்ஜெட்டில் புதுச் சட்டம் வந்துவிட்டது. வருமான வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்” என்று ஒரு செய்தித்தாள் நறுக்கைக் காட்டி 12,000 கேட்டார். தம்பியின் பான் எண்ணையும் ஆதாரையும் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் ஒரு தாளைக் கொடுத்தார். ஆக 1,72,000.

கிளம்பும் வாரத்தில் எங்கள் தெருவுக்கு ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஏசி மெக்கானிக் ஒருவர் கோப்பைப் புரட்டினார். முதலில் அவர் கண்ணில் பட்டது ஹோட்டல் அறை முன்பதிவு. “கம்பெனி தங்குமிடம் தருகிறது என்றால் இவனுக்கு எதற்கு ஹோட்டல்?” என்றார். அடுத்த தாள் திரும்பி வரும் டிக்கெட். அதற்கடுத்தது விசா. வேலை விசா அல்ல, சுற்றுலா விசா. குடியேற்ற அதிகாரி கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லும்படி தம்பிக்கு ஏற்கெனவே பாடம் நடத்தியிருக்கிறார்கள். விமான நிலைய நடைமுறை என்று அவன் நினைத்திருக்கிறான்.

அந்த மெக்கானிக் தன்னுடைய ஆஃபர் லெட்டரை, அதாவது கம்பெனி கொடுத்த வேலைக் கடிதத்தை, கைபேசியில் காட்டினார். துபாயும் ஷார்ஜாவும் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தில் பதிவானது. அரபியோடு தமிழிலும் இருந்தது. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. வேலைக்கு எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். சுற்றுலா விசாவில் போய், வேலை தேடி, பிறகு விசாவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாற்றும்வரை அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். தம்பிக்கோ காத்திருக்கும் கம்பெனியும் இல்லை, கடிதமும் இல்லை.

அந்த 12,000 ரூபாய்த் தாள் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். அது சான்றிதழே அல்ல. தம்பி பெயரில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கின் ஒப்புகைச் சீட்டு. செலுத்த வேண்டிய வரி என்ற இடத்தில் சைபர். வருமான வரித் துறையின் தளத்தில் காசில்லாமல் நாமே செய்யக்கூடிய வேலை. அப்படி ஒரு சான்றிதழ் எல்லோருக்கும் தேவையில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஆகஸ்ட் 20 அன்றே விளக்கம் கொடுத்துவிட்டது. பெரிய நிதி முறைகேட்டில் சிக்கி விசாரணைக்குத் தேவைப்படுகிறவர்கள், 10 லட்சத்துக்கு மேல் நேரடி வரி பாக்கி வைத்து அதன் வசூலுக்குத் தடையாணையும் பெறாதவர்கள், இவர்களிடம்தான் கேட்பார்கள். அதற்கும் உயர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். காயில் கட்டும் பையனிடம் எவர் கேட்கப் போகிறார்?

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். முதல் நாள் “சார் மீட்டிங்கில் இருக்கிறார்”. அடுத்து, “சென்னை அலுவலகம்தான் முடிவு செய்யும், மெயில் அனுப்புங்கள்”. மெயில் போட்டால் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழுகிறது, அத்தோடு சரி. வரவேற்பில் இருந்த பெண்ணைக் காணோம், புதிதாக வந்தவர் எங்களிடம் “நீங்கள் எந்த நாட்டுக்கு?” என்கிறார். ஒருநாள் படிக்கட்டிலேயே மறித்துப் பிடித்தோம். “விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. போகாமல் இருப்பது உங்கள் விருப்பம்” என்றார் அதே முக்கூடல் சொந்தக்காரர். கடைசியில் ரசீது என்று ஒன்றைக் கொடுத்தார்கள்: ‘சுற்றுலா ஏற்பாட்டுச் செலவு 15,000’. மீதம் 1,57,000 எங்கே போனது? காவல் நிலையத்தில் அந்த ரசீதைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 1,72,000 ரூபாயை எந்தச் சமாதானத்தில் முடிப்பது?

சரி, அவசரமாக நாலு விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பலகையில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலா விசா என்றால் அதைக் கேட்கமாட்டார்கள் என்று ஆசை காட்டுவார்கள். வரிக் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். தம்பியின் கணக்கில் அவர்களுடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருந்தன. அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலைக்காக வெளிநாடு போய், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. அதற்கும் ஒருவர் பணம் கேட்பார், கொடுக்காதீர்கள்.

இன்னும் எழுத இருக்கிறது, இப்போது முடியவில்லை. வரும் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். இதே மாதிரி சுற்றுலா ரசீது வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே கொடுக்கலாம். ரசீதே இல்லாதவர்களும் வாருங்கள்.