அக்யூ-செக் இன்ஸ்டன்ட் சுகர் மெஷின்: காரைக்குடி வெயிலுக்கும் மாதச் செலவுக்கும் ஒத்துவருமா?

மெஷினில் குறை சொல்ல அதிகமில்லை. ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டு வைக்கும் பட்டை) டப்பா மாற்றும்போது கோடு எண் போடும் தொல்லை கிடையாது. 0.6 மைக்ரோ லிட்டர் ரத்தம் போதும், 4 வினாடிக்குள் எண் வந்துவிடும். ஸ்ட்ரிப்பின் முனை அகலமானது. அதில் எந்த இடத்தில் சொட்டு பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். கை நடுங்கும் ஆச்சிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது கூட இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

தப்பு பெரும்பாலும் விரலிலிருந்துதான் வருகிறது. கந்தரப்பமோ கவுனி அரிசியோ எடுத்துப் பரிமாறிய கையில் ஒட்டியிருக்கும் துளி இனிப்பு போதும், எண் எங்கேயோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதை மட்டும் நம்பக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். கழுவ வசதியில்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ரத்தம் வரவில்லையே என்று நுனியைப் பிழிந்தால் திசு நீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து நீவிவிட்டால் தானாக வரும்.

அடுத்தது ஸ்ட்ரிப் டப்பா. ஈரம் பட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி கெடும். ஒன்றை எடுத்த கையோடு மூடிவிட வேண்டும். சித்திரை வெயிலில் அடுப்படி, ஜன்னல் ஓரம், கார் எல்லாமே ஸ்ட்ரிப் தாங்கும் 30 டிகிரியைத் தாண்டும். சுவர் கனத்த பழைய வீடென்றால் வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய உள் அறை சரியான இடம். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

லேபுடன் ஒப்பிட வேண்டுமா? வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கும் அதே சமயத்தில் விரலிலும் பாருங்கள். ஐஎஸ்ஓ 15197 தர விதிப்படி 100-க்கு மேல் 15 சதவீதமும், 100-க்குக் கீழ் 15 புள்ளியும் கூடக்குறைய இருக்கலாம். லேப் 140 என்றால் மெஷின் 119 முதல் 161 வரை காட்டினால் தவறில்லை. சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இன்னொன்று, லேப் எண்ணும் வேதவாக்கல்ல. கிராமத்தில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் காரைக்குடிக்கு வரும் வழியில் கிடந்தால், ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்.

ரத்தசோகை கடுமையாக இருந்தால் இவ்வகை மெஷின்கள் கூட்டிக் காட்டலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் இரும்புச்சத்துக் குறைவில் ஏறித் தெரியும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதன்முதலில் உறுதி செய்ய லேப்தான்.

செலவுக்கு வருவோம். மெஷின் ஒரு தடவைச் செலவு, மாதாமாதம் பையைக் கரைப்பது ஸ்ட்ரிப். ஒன்றுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இன்சுலின் போட்டு தினம் 4 தடவை பார்ப்பவருக்கு மாதம் 2,400 ரூபாய். அவர்கள் இதில் கைவைக்கக் கூடாது. தாழ்சர்க்கரை ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவர், டாக்டர் வேறு சொல்லாதவரை, வாரம் இரண்டு நாள், ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும் பார்த்தால் மாதம் 16 ஸ்ட்ரிப், 320 ரூபாயில் முடியும். தினமும் விடிந்ததும் மட்டும் பார்ப்பதைவிட இந்த ஜோடி எண்களில் டாக்டருக்குத் தகவல் அதிகம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். அந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

மெடிக்கலில் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். குறைவாகப் பார்ப்பவருக்கு 50 ஸ்ட்ரிப் பெட்டி வேண்டாம், சிறியது போதும். கூட்டுக் குடும்பத்தில் மெஷின் ஒன்றாக இருந்தாலும், குத்தும் பேனாவும் ஊசியும் ஆளுக்கொன்று வேண்டும். ஊசியை மாற்றினாலும் பேனாவைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி பரவும்.