நிலாவெளியா, கந்தளாயா, வெருகலா?

திருகோணமலையில் இருந்து ஒரு லீவு நாளில், கணவன் மனைவி இருவருமாகக் காரில் சும்மா ஒரு சுற்றுப் போய் வர மூன்று றோட்டுகள் இருக்கின்றன. வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. தென்மேற்கே தம்பலகாமம், கந்தளாய். தெற்கே கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல். மூன்றிலும் இவர் ஓட்ட, நான் இடப்பக்கம் இருந்து பார்த்தவள். ஆகவே இது பக்கத்தில் இருப்பவளின் தீர்ப்பு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மனம் வந்த இடத்தில் காரை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிற்கலாமா?

வடக்கு றோட்டைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் அது கடலுக்குப் போகிறவர்களின் றோட்டு. உப்புவெளி, நிலாவெளி என்று வரிசையாக ஹோட்டல்கள். கரைக்குப் போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும். புறாமலைக்குப் படகு ஏறினால் காருக்கு அன்று வேலையில்லை. 2003இல் தேசியப் பூங்காவாக்கிய அந்தத் தீவுக்கும் அதன் முருகைக்கற்களுக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதுதான் மரியாதை. ஓட்டமென்று ரசிக்கக் கிடைப்பது இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால்தான்: களப்பு, பனை, ஆளில்லாத கரை. திரியாயில் ஒரு குன்றின் மேல் பழைய பௌத்த வட்டதாகை, அதாவது தூபியைச் சுற்றிக் கட்டிய வட்டக் கட்டடம், பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு. படி ஏற முழங்கால் சம்மதிக்க வேண்டும். இந்த றோட்டில் வெயில் ஓட்டுநரை விடாது. காலையில் வடக்கே போகும்போது வலப்பக்கம் கிழக்கு. பின்னேரம் தெற்கே திரும்பும்போது வலப்பக்கம் மேற்கு. இரண்டு தரமும் வெயில் இவருக்கு, திரும்பி வரும்போது கடல்பக்கம் எனக்கு. எனக்கு இதில் குறையொன்றும் இல்லை.

கந்தளாய் றோட்டில் வெயில் தொல்லை குறைவு. காலையில் தென்மேற்கே போகிறீர்கள், பின்னேரம் வடகிழக்கே வருகிறீர்கள், இரண்டு முறையும் சூரியன் முதுகுப் பக்கம். றோட்டும் நல்லது, சாப்பாட்டுக் கடைகள் உண்டு, பெண்களுக்கு முக்கியமான கழிப்பறை வசதியும் மூன்றில் இங்கேதான் பரவாயில்லை. தம்பலகாமத்துக்குள் திரும்பினால் வயலுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பிறகு மூர்த்தங்களைக் காத்த ஊர் என்ற பெருமை அதற்கு. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், முற்பகலிலேயே போய்விடுங்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதென்று நம்மவர் சொல்லும் கந்தளாய்க் குளம் கடல் மாதிரிக் கிடக்கும். 1986 ஏப்ரல் 20இல் இதே குளம் கட்டு உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதை அறிந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கொஞ்சம் நெஞ்சு அடிக்கும். இந்த வழியின் குறை, இது கொழும்புக்குப் போகிற றோட்டு. பஸ்ஸும் லொறியும் பின்னால் ஹோர்ன் அடிக்கும்போது ஆறுதலாக ஓட்டுவது எங்கே, வரம்போரம் நிறுத்துவது எங்கே?

வெருகல் றோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. சீனக்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் இடப்பக்கம் கொட்டியாரக்குடா, வலப்பக்கம் தம்பலகாமக்குடா. 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம். அப்புறம் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்கு மேல் பாலம். மகாவலி கடலில் கலக்கிற இடமல்லவா, தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் பிரிந்து ஓடும். ஒரு காலத்தில் ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு, அதுதான் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்களைக் கூட்டிப்போனால் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு கதை வரும். பாலம் இறங்கியதும் காரை ஓரங்கட்டலாம். வலை வீசுகிறவர்கள், சேற்றில் கிடக்கும் எருமைகள், வரம்பில் கொக்கு. “இஞ்ச, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்று நான் அதிகம் சொல்வது இந்த றோட்டில்தான்.

மூதூரில் எருமைத் தயிர் வாங்காமல் வருவது பாவம். சட்டி மடியில்தான் வரும், சேலை உடுத்திப் போகாதீர்கள். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடியைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப்போனது இந்தக் கரையில்தான். ஊர் திரும்ப அவருக்கு ஏறத்தாழ 20 வருடம் எடுத்தது. அங்கிருந்து தோப்பூர், சேருவில பக்கமாக வயல்வெளி. கடைசியில் வெருகலாற்றங்கரையில் சித்திரவேலாயுதர் கோயில். திருவிழா இல்லாத நாளில் ஆற்றுக்காற்றும் நிழலும் நமக்கு மட்டும்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. மூதூர்ப் பக்கம் போகும்போது காலை வெயில் முகத்தில், வரும்போது பின்னேர வெயிலும் முகத்தில். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது கஷ்டம். மூதூருக்கு அப்பால் சாப்பாட்டுக் கடையை நம்ப முடியாது, சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜும்மா நேரம், கடைகள் பூட்டியிருக்கும். ஆனைப் பயமும் உண்டு, ஆகவே இருட்ட முன் கிண்ணியாவைப் பிடித்துவிட வேண்டும். கந்தளாய்ப் பக்கத்துக்கும் அதே எச்சரிக்கைதான்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் மூன்றுமே வேண்டாம். பெரும்போகம் அறுக்க முன், தைமாதக் கடைசியில் வெருகல் றோட்டுக்கு ஈடில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் பச்சையாக நிற்கும் தம்பலகாமமும் கந்தளாயும் முந்திக்கொள்ளும். நிலாவெளிக் கடல் தெளிந்து கிடப்பதும் அந்த மாதங்களில்தான், குளிக்கிற எண்ணம் இருந்தால் வடக்கே போங்கள்.

இருவர் மட்டும் என்றால் நான் வெருகல் என்பேன். கடைசி நேரத்தில் மாமியும் “நானும் வாறன்” என்று பின் சீட்டில் ஏறிவிட்டால், பேசாமல் கந்தளாய்க்கு விடுங்கள்.