புது டென்ஷனரைக் காட்டிவிட்டுப் பழையதை மாட்டினார்கள்: ரூ.86,000 போயிற்று

என்ஜின் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. வால்வுகள் வளைந்துவிட்டன. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் வடசென்னைக்காரர்கள், அவசியம் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கார் 1988ஆம் ஆண்டு போர்ஷே 944. ஜெர்மனியில் வேலை பார்த்த சித்தப்பா ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. இந்த 2.5 லிட்டர் என்ஜினின் முன்பக்கம் இரண்டு பல் பெல்ட்டுகள் உண்டு. ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட். வாட்டர் பம்பும் அதில்தான் ஓடுகிறது. மற்றொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கானது. டைமிங் பெல்ட் தளர்ந்து பல் தாண்டினாலோ அறுந்தாலோ, திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும். அதோடு என்ஜின் கதை முடிந்தது. மிகையாக இறுக்கினாலும் பேரிங் கெடும்.

பெல்ட்டை ஒரு ரோலரால் அழுத்தி இறுக்கும் பாகம்தான் டென்ஷனர். 1987 மாடலிலிருந்து ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வந்தது. அது ஓட்டம் முழுக்கத் தானாகவே பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் என்று பல மெக்கானிக்குகளே நம்புகிறார்கள். அப்படி இல்லை. நட்டைத் தளர்த்தும்போது மட்டும் ஸ்பிரிங் ரோலரைப் பெல்ட்டின் மேல் தள்ளும். நட்டை முறுக்கியதும் ரோலர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். புதுப் பெல்ட் ஓடி ஓடிச் சற்று நீண்ட பிறகு மறுபடி ஒருவர் சரிசெய்தாக வேண்டும்.

இதையெல்லாம், பெல்ட் மாற்ற நான் காரைக் கொடுத்த ஒர்க்ஷாப் முதலாளி எனக்கே வகுப்பெடுத்தார். வெளிநாட்டுக் கார்கள் மட்டும் பார்க்கும் இடம். சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் தன் அப்பா அங்கே கார்களுக்கு வேலை பார்த்தவர் என்றார். இரண்டு பெல்ட்டு, ரோலர்கள், டென்ஷனர், வாட்டர் பம்பு, கூலி எல்லாம் சேர்த்து ரூ.86,000 என்றார். பிரிக்காத அட்டைப் பெட்டியை என் முன்னால் கிழித்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய டென்ஷனர் ரோலரை என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் சுழற்றினேன். சத்தமே இல்லை. “சார், இது உங்கள் சித்தப்பா கார், என் சொந்தக் கார் மாதிரி பார்த்துக்கொள்வேன்” என்றார். செத்துப்போன மனிதரின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அது. முழுத் தொகையையும் அங்கேயே கொடுத்தேன்.

வண்டி வந்து சில வாரம்தான் ஆனது. எண்ணூர் விரைவுச்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முன்பக்கத்தில் ஓர் ஊளைச் சத்தம் கேட்டது. ஓரம் கட்டுவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இராயபுரத்தில் வேறொரு வயதான மெக்கானிக் முன்மூடியைக் கழற்றினார். பெல்ட்டுகள் புதியவை. டென்ஷனர் ரோலர் பழையது! துருவைத் தேய்த்துத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள். கிரீஸ் வற்றிப்போன பேரிங் இறுகி நின்றுவிட, பெல்ட் அதன் மேல் உரசிக் கருகிப் பல் உதிர்ந்துவிட்டது. வாட்டர் பம்பும் பழையதே. எனக்குக் காட்டிய புது ரோலர் இன்னும் எத்தனை பேர் உள்ளங்கையில் சுழலப்போகிறதோ!

போன் செய்தேன். “பெல்ட் கம்பெனியின் குறை, சார்.” மறுமுறை, “கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கியிருப்பீர்கள்.” அந்த மாதம் ஒரு தூறல்கூட இல்லை! படங்களை அனுப்பினேன். “பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.” நேரில் போனால் முதலாளி வெளியூர், தம்பியிடம் பேசுங்கள் என்றார்கள். தம்பியோ அண்ணனிடம் கேளுங்கள் என்றார். பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ரூ.86,000 வாங்கிய கைக்கு ஒரு போனை எடுக்க முடியவில்லை. சிலிண்டர் ஹெட் செலவு இதற்கு மேல்.

விவரமாகச் சொல்ல நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பாகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வெறுமனே “டைமிங் வேலை” என்று எழுதினால் ஏற்காதீர்கள். கழற்றிய பழைய ரோலரையும் பம்பையும் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். மூடியைப் போடும் முன் படம் எடுங்கள். முன்பக்கம் ஊளைச் சத்தம் கேட்டால் அந்த நொடியே என்ஜினை நிறுத்துங்கள். ஆயில் சீல் கசிந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், எண்ணெய் பட்ட பெல்ட் நிலைக்காது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் அவ்வளவு நாள் காத்திருக்கப் போவதில்லை. பில், படங்கள், கருகிய பெல்ட், அந்தப் பழைய ரோலர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன். இதே ஆளிடம் இதே வேலை செய்து ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரில் உங்கள் பில்லையும் சேர்க்கலாம்.