நேரு ஸ்டேடியம் பக்கத்து பேக்கரி

கோயம்புத்தூரில் நேரு ஸ்டேடியம் பக்கம் இருக்கும் இந்த பேக்கரிக்குத் தேங்காய் பன்னுக்காகப் போகலாம், ஆனால் சீசனுக்கு முன்னால் போனால் ‘சென்னையின் எஃப்சி’ என்ற கால்பந்து அணி பற்றிய விவாதத்துக்காகவே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவீர்கள். முதல் பதினோரு பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு அண்ணன் வர்க்கித் துண்டுகளை அணி நிற்பதுபோல 4-3-3 ஆக, அதாவது பின்னால் நாலு, நடுவில் மூணு, முன்னால் மூணாக அடுக்கி, பின்வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டு, "இவருக்கு அடிபட்டா அடுத்த ஆள் யாருங்க தம்பி?" என்றார். எனக்கும் அதே கவலைதான். 2018-19இல் இதே மைதானத்தில் ஆடி ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரை ஜெயித்த சென்னை சிட்டி என்ற வேறொரு அணிக்கு முன்கள வீரர் பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார், 2020இல் அவர் ஜப்பான் போனதும் அந்த அணி பழையபடி எழவே இல்லை, அதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. சரி, டீ நல்ல திடம். பப்ஸை மட்டும் சூடாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.